ஐந்தாம் படிவத்தில் வரும் ஊக்கம்

டிம்ஸ் அனைத்துலக ஆய்வில் மலேசியாவின் இரண்டாம் படிவ மாணவர்கள் 1999-இல் எடுத்த கணிதச் சராசரி 519 புள்ளி. 2023-இல் 411. பதினைந்து வயதினர் எழுதும் பீசா தேர்விலும் 2018-இல் 440 ஆக இருந்த கணிதச் சராசரி 2022-இல் 409-க்கு இறங்கியது. அதில் அடிப்படைத் தேர்ச்சியைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 41 பேர்தான்.

கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களிலிருந்து பாலம் கடந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சுமை. தமிழில் போட்டுப் பழகிய கணக்கை முதல் படிவத்தில் மலாயில் போட வேண்டும். முதல் பாடமே விகிதமுறு எண்கள். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால் மேலே 2, கீழே 5 என்று எழுதும் பிள்ளை அங்கேயே தங்கிவிடுகிறது. பாடம் காத்திருப்பதில்லை, அதே ஆண்டில் இயற்கணிதமும் வந்துவிடும். கேட்கக் கூச்சம், அதனால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவது. அடுத்த ஆண்டே "எனக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு. வீட்டிலோ அதற்குச் சோம்பல் என்று பெயர்.

ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் தேர்வு நெருங்கியதும் தன்முனைப்பு முகாமுக்கு அனுப்புகிறோம். பிள்ளைகள் அழுது, பெற்றோர் காலில் விழுந்து, உறுதி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த உணர்ச்சி உண்மையானது. ஆனால் விட்டுப்போன பின்னக் கணக்கை அது சொல்லித் தராது.

ஊக்கம் வேண்டாம் என்பதல்ல. ஜெர்மனியின் பவேரியாவில் ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை சுமார் 3,500 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. தொடக்க மதிப்பெண்ணோடு அறிவுக்கூர்மைக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது; பிற்பாடு கண்ட வளர்ச்சியோடு இல்லை. வளர்ந்தவர்கள், முயன்றால் வரும் என்று நம்பியவர்களும் புரிந்து படித்தவர்களும்தான். அப்படியானால் கணக்கில் ஆர்வம் எப்படி உண்டாகிறது? கனடாவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 2016-இல் வந்த ஆய்வில், கணக்கு நன்றாக வந்த பிள்ளைக்கே பிறகு ஆர்வம் கூடியது. ஆர்வம் இருந்ததால் மதிப்பெண் கூடியதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. சிறு பிள்ளைகளின் ஆய்வுதான். ஆனாலும் முகாமை மட்டும் நம்பியிருக்கும் நம்மை யோசிக்க வைக்க இது போதும்.

ஆறாம் ஆண்டில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் போனது, மூன்றாம் படிவத்தில் எழுதிய பிடி3 தேர்வு 2022-இல் போனது. அதன்பின் வந்த பிள்ளைகள் பலருக்குப் பதினேழு வயதில் எழுதும் எஸ்பிஎம்-தான் முதல் பொதுத் தேர்வு என்றானது. அதுவரை பெற்றோர் பொறுத்திருக்கக் கூடாது. முதல் படிவத்தின் பாதி ஆண்டு முடிவதற்குள் கணக்கு நோட்டை வாங்கி, பின்னத்தில் நாலு கணக்கு, கழித்தல் குறி உள்ள எண்களில் நாலு கணக்கு எதிரே உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். வரவில்லையா, மறுநாளே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். முகாமுக்கென்று எடுத்து வைக்கும் பணம் அந்த ஆண்டே டியூஷனுக்குப் போகட்டும்.