வலி ஒரு காவற்காரன்: நெசவாளரின் முதுகும் மூட்டும்



எங்களிடம் வரும் காஞ்சிபுரத்து ஏழை மக்களில் அநேகர் சொல்லும் முதல் முறையீடு காய்ச்சலோ இருமலோ அல்ல. "இடுப்பு விடவில்லை ஐயா", "முழங்கால் மடங்கவில்லை அம்மா" என்பதே. ஆகையால் இந்த இதழில் தசை, மூட்டு வலியைக் குறித்து எழுதுகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பயன்படும்.

தறிக்குழியில் நடப்பது என்ன?

நம் சபைகளில் திருமண ஆராதனைக்கு உடுத்தும் பட்டுப் புடவைகளில் பல இந்த ஊர்த் தறிகளில் நெய்தவையே. நெசவாளர் குழியின் விளிம்பில் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, கால்களால் மிதிகளை மிதித்து, கைகளால் நாடாவை ஓட்டுகிறார். உடலும் கரையும் வேறு வேறு நிறமாயிருக்கும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து உதவ இன்னொருவரும் வேண்டும். மெல்லிய இழையைப் பார்க்கக் கழுத்து குனிந்தே இருக்கும். தார் சுற்றும் பெண்களோ மணிக்கணக்காகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரே நிலையில் இறுகி நிற்கும் தசைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. அது களைத்துப்போய் வலிக்கிறது. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களில் நோவு வருவது இதனால்தான். இப்படி வரும் முதுகுவலியில் பெரும்பாலானவற்றுக்கு எலும்பில் ஆபத்தான வியாதி ஏதும் காரணமல்ல. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கவேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. இது நெசவாளருடைய பாடு மாத்திரமல்ல. 2020-ம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வலி நமக்குப் பகையா?

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரிடையே ஊழியம் செய்தார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை அவர் கண்டறிந்தார். நரம்பு செத்து வலி தெரியாமற்போவதால், சூடு பட்டாலும் முள் குத்தினாலும் அவர்கள் உணர்வதில்லை. காயம்பட்ட கையினாலேயே வேலை செய்து அதைக் கெடுத்துக்கொள்ளுகிறார்கள். ஆகையால் வலி தேவன் தந்த ஈவு என்று அவர் போதித்துவந்தார்.

வலி ஒரு காவற்காரன். அவன் சத்தமிடும்போது ஏன் என்று விசாரிக்கவேண்டும், வாயைக் கட்டிவிடக்கூடாது. நம் மக்களோ கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் தறியில் இறங்குகிறார்கள். இப்படி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் உண்டாகும், சிறுநீரகம் கெடும், இரத்த அழுத்தம் கூடும். பெயர் எழுதாத பொட்டலத்தில் விற்கும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அவை முதல் வாரத்தில் அற்புதம்போலத் தோன்றி, பின்பு எலும்பையே பலவீனப்படுத்தும்.

நாம் செய்யக்கூடியவை

1. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். இரு கைகளையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் வளையுங்கள். இரண்டு நிமிஷம் போதும்.

2. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திராதபடி, மடித்த துணியைப் போட்டு உட்காரும் பலகையை உயர்த்துங்கள். தறிக்கு மேலே நல்ல வெளிச்சம் வையுங்கள். கழுத்து அவ்வளவாகக் குனியாது.

3. நாட்பட்ட இறுக்கத்துக்குச் சூட்டு ஒத்தடம் நல்லது. புதிதாக ஏற்பட்ட சுளுக்குக்குப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வைக்கலாம்.

4. முழங்கால் தேய்ந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கவேண்டும். இப்படிக் காலுக்குப் பத்து முறை, தினமும் இரண்டு வேளை. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் பாரம் குறையும். அதிக எடையுள்ளவர்கள் எடையைக் குறைப்பது மிகவும் உதவும்.

5. நாள் கணக்காகப் படுக்கையில் கிடக்கவேண்டாம். இயன்ற அளவு நடமாடுகிறவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். கால் மரத்துப்போதல், பலம் குறைதல், மலஜலம் அடக்கமுடியாமை ஆகியவை அன்றைக்கே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள். காலையில் இரு கைவிரல் மூட்டுகளும் வீங்கி ஒருமணி நேரத்துக்குமேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாயிருக்கலாம். ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம். 2006-ல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பின் அநேகர் மாதக்கணக்கில் மூட்டுவலியால் வருந்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அதுபோன்ற காய்ச்சலுக்குப் பின் வரும் வலியையும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

உங்கள் பங்கு

"ஓய்வெடுங்கள்" என்று சீட்டில் எழுதிக்கொடுப்பது எளிது. ஆனால் நெசவாளருக்குக் கூலி புடவைக் கணக்கில்தான். தறி நின்றால் அடுப்பும் நின்றுபோகும். மருத்துவமனைக்கு வந்துபோகும் ஒரு நாளும் அவருக்குக் கூலி இழப்பே. ஆகையால்தான் அவர் மாத்திரையை நாடுகிறார். அறியாமையினால் மாத்திரம் அல்ல. அவருக்கு வேண்டியது, தறிவீட்டுக்கே சென்று உட்காரும் பலகையைச் சரிசெய்து, பயிற்சியைப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவர். ஒரு மாத்திரை அட்டையைவிட இதற்குச் செலவு அதிகம். பலனோ பல வருஷம் நிற்கும். உங்கள் காணிக்கைகள் இப்படிப்பட்ட பணிக்கும் பயன்படவேண்டும் என்பதே எங்கள் வாஞ்சை.

அப்போஸ்தலனாகிய பவுலும் கூடாரம் செய்து தன் கைகளால் பிழைத்தவர். உழைக்கிற கைகளின் நோவை நம் ஆண்டவர் அறிவார்.

ஜெபக் குறிப்புகள்

* வலியோடு தறியில் உட்காரும் சகோதர சகோதரிகளுக்காக.
* இயன்முறைச் சிகிச்சையாளர்களின் பொறுமைக்காகவும் பெலத்துக்காகவும்.
* வலி மாத்திரைகளால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்காக.