மணல் விடும், களி பிடிக்கும்



செட்டிபாளையத்துத் தென்னந்தோட்டத்தில் ஒரு மூத்த தொழிலாளி எங்களிடம் கேட்டார்: "ஐயா, யூரியாவப் போட்டு நாலு நாளில மழை கொட்டிச்சு. போட்டதெல்லாம் எங்க போச்சு?" நியாயமான கேள்வி. பதில் தென்னைக்கு மட்டுமல்ல, நமது கிணற்றுக்கும் சம்பந்தப்பட்டது.

நமது ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலம். மணலில் எதுவும் தங்காது. யூரியா முதலில் அமோனியமாகவும், பிறகு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாகவும் மாறுகிறது. மரம் உறிஞ்சியது போக மிச்சம் மழையோடு இறங்கி நிலத்தடி நீரில் சேருகிறது. அந்த நீரைத்தான் நாம் அள்ளிக் குடிக்கிறோம்.

களிமண் அப்படியல்ல. சட்டி பானைக்கு மட்டும்தான் அது என்று நினைக்க வேண்டாம். அது புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்தது. மொண்ட்மோரிலோனைட் என்ற களியில் ஒரு தாளின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். மன்னார் முருங்கன் களியில் இது உண்டு. தாள்களில் எதிர் மின்னேற்றம் இருப்பதால், நேர் மின்னேற்றமுள்ள அமோனியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும்.

இந்தக் குணத்தை நமது நாட்டு விஞ்ஞானிகளும் பயன்படுத்தினார்கள். 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தில், நில்வலா கோட்டேகொட உள்ளிட்ட குழுவினர் எலும்பிலுள்ளதைப் போன்ற ஒரு கல்சியக் கனிப்பொருளின் மிக நுண்ணிய துணிக்கைகளில் யூரியாவைப் பூசினார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, அது வெறும் யூரியாவைவிட ஏறத்தாழ 12 மடங்கு மெதுவாகக் கரைந்தது. நெல் வயலில் அரைவாசி யூரியாவுடனே நல்ல விளைச்சல் கிடைத்தது. அதே ஆண்டில், அந்தக் கலவையைக் களியின் தாள்களுக்கிடையே வைத்துச் செய்த ஆய்வும் வெளியானது. 2021இல் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது ஒரு பை யூரியாவின் அருமை எல்லோருக்கும் விளங்கியதுதானே!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நைத்திரேற்று எதிர் மின்னேற்றமுள்ளது. களி அதைப் பிடிக்காது. ஆகவே கிணற்றில் களியைப் போட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமை எல்லையாக வைத்துள்ளது. அதற்கு மேலான தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம்.

எனவே நாங்கள் உங்களிடம் கேட்டுக்கொள்வது:

1. பெருமழைக்கு முன்பு யூரியா போட வேண்டாம். சொல்லப்பட்ட அளவை ஒரே தரத்தில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

2. மரத்தடியில் கூட்டெருவும், குழி வெட்டித் தேங்காய் மட்டையும் புதையுங்கள். மணலில் ஈரத்தைப் பிடித்து வைப்பவை இவைதான்.

3. பசளைப் பையைக் கிணற்றடியில் வைக்கவோ, கழுவவோ வேண்டாம்.

4. கைக்குழந்தை உள்ள வீட்டார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள்.

அந்த மூத்தவருக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "அண்ணே, போட்டது எங்கேயும் போகல்ல. பாதி நம்மட கிணத்துக்குள்ளதான் கிடக்கு." அடுத்த மாரிக்கு முன் இதை மறக்க வேண்டாம்.