அம்மாயியின் பெட்டியும் நெய்த கைகளும்

வேலந்தாவளத்தில் எங்கள் அம்மாயி வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் அவருடைய தாயாரின் சிவப்புச் சேலை ஒன்றும் ரவிக்கை ஒன்றும் இருந்தன. "எங்கம்மா தினமும் ரவிக்கை போட்டவீங்க இல்ல கண்ணு. நல்லது கெட்டதுக்குப் போறப்ப மட்டுந்தான் இது" என்பார். நெய்தது யார், தைத்தது யார் என்று கேட்டால், "அதையெல்லாம் யாரு கேட்டா?" என்று சிரிப்பார். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்ததன் பலனே இக்கட்டுரை.

முதலில் எல்லைகளைப் பார்ப்போம். 1949-க்கு முன் இப்பகுதி மூன்று ஆட்சிகளில் இருந்தது. பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில். சித்தூர், கொச்சி சமஸ்தானத்தில். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில். உடைகளும் அப்படித்தான் கலந்து கிடந்தன. கல்பாத்தி அக்ரகாரத்தில் மடிசார், கொங்குக் குடும்பங்களில் பின்கொசுவம், மலையாளப் பெண்களிடம் முண்டும் நேரியதும்.

ரவிக்கை எளிதாக வந்துவிடவில்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் போராடி 1859-இல்தான் அரசாணை பெற்றார்கள். அதன் பின்னும் வீட்டுக்குள் தடை இருந்தது. பிற்காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சரான சி. கேசவன், தம் மாமியார் இளம்வயதில் ரவிக்கை அணிந்ததற்காகத் தாயாரிடம் அடிபட்டதைத் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். சட்டம் வந்துவிட்டால் வழக்கம் மாறிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பழைய துணியின் காலத்தை அறிய மூன்று அடையாளங்கள் உதவும். முதலாவது தையல். மிஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்வதால் இருபுறமும் ஒரே மாதிரி சீராக இருக்கும். கைத்தையலில் இடைவெளி முன்பின் இருக்கும். சிங்கர் மிஷின் 1870களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டாலும், கிராமங்களை எட்ட வெகுகாலம் ஆயிற்று. இரண்டாவது சாயம். சாயவேரும் அவுரியும் இருந்த இடத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரசாயனச் சாயங்கள் பிடித்தன. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மனியிலிருந்து வந்த சாயத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மூன்றாவது அகலம். நாடாவைக் கையால் எறிந்து நெய்யும் குழித்தறியில் கை எட்டும் அளவுக்கே துணி விரியும்.

பாரதப்புழைக்கரையில், பாலக்காட்டு எல்லையை ஒட்டிய குத்தாம்புள்ளியில் தேவாங்கர்கள் நெய்கிறார்கள். கர்நாடகத்திலிருந்து வந்த இவர்களைக் கொச்சி அரச குடும்பம் குடியமர்த்தியது என்பது வரலாறு. அவர்களின் கசவு நெசவுக்கு 2011-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தறியில் உட்காருபவரே நெசவாளர் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நூலைப் பிரிப்பது, ராட்டையில் தார் சுற்றுவது, பாவுக்குக் கஞ்சி போடுவது, அறுந்த இழையை முடிவது என முன்வேலைகளில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களுடையது, பிள்ளைகளுடையது. கூலி துணிக்குத்தான், கணக்கில் ஏறுவது ஆணின் பெயர். ஒரு சேலைக்குப் பின்னால் ஒரு குடும்பமே உழைத்திருக்க, எழுத்தில் இருப்பது ஒரே பெயர்!

இடுக்கி மலைக்குப் போனால் கதை வேறு. 1877-இல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் தேயிலைத் தோட்டங்கள் பெருக, கங்காணிகள் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். சமவெளிச் சேலையோடு வந்த பெண்களுக்கு மூணாறின் குளிரும் மழையும் அட்டையும் புதிது. தலையிலிருந்து தொங்கிய கம்பளியே குடையும் போர்வையும் ஆயிற்று. தென்னிந்தியாவில் ஆட்டு மயிரில் கம்பளி நெய்தவர்களில் குரும்பர்கள் முக்கியமானவர்கள். தோட்டங்களில் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. குளிருக்குப் போர்த்தியதே கடனாக நின்றது.

அம்மாயி வீட்டு ரவிக்கைக்கு வருகிறேன். தையல் சீராக இல்லை; கைத்தையல்தான். அக்குள் பக்கம் வேறு துணியில் ஒட்டுப் போட்டிருக்கிறது. தைத்தவர் பெயர் இனிமேல் கிடைக்காது, ஏனென்றால் கேட்க வேண்டிய காலத்தில் நாங்கள் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே யார் உடுத்தியது, எந்தச் சந்தையில் வாங்கியது, யார் தைத்தது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதித் துணியோடு வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தாளும் ஒரு சொத்துதான்.