நாட்பட்ட நோயும் கைபேசித் திரையும்

மருத்துவமனைக்குப் போகும் வழியில்

ஆந்திரத்து நகரியின் விசைத்தறித் தெருக்களில் பொழுதெல்லாம் தறியருகே நின்று ஜீவனம் நடத்தும் பெற்றோருக்கு, நீரிழிவோ, இருதயக் கோளாறோ, வலிப்போ, ‘வீசிங்’ என்று நம்மவர் சொல்லும் ஆஸ்துமாவோ உள்ள பிள்ளையைத் திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கோ வேலூருக்கோ சென்னை எழும்பூருக்கோ அழைத்துச் செல்வதென்றால், அன்றைய கூலி போயிற்று என்றே பொருள். அங்கே மணிக்கணக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் கையில் தாயாரே கைபேசியைக் கொடுத்துவிடுகிறார் என்றால், அதைக் குற்றமாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. சகபாடிகளோடு ஓடியாட இயலாத சரீரத்துக்கு அது தோழமை. மருந்து வேளையை நினைவூட்டும்போது வைத்திய உபகரணமும் ஆகிறது. ஆகவே, திரை எத்தனை நாழிகை எரிந்தது என்று கணக்குப் பார்ப்பதைவிட, அது எதன் இடத்தைப் பறித்துக்கொண்டது என்று விசாரிப்பதே இப்பிள்ளைகள் விஷயத்தில் பிரயோசனமானது.

ஆட்டத்தின் படபடப்பு

1922 ஜனவரியில் டொராண்டோவில், நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி முதன்முதலாகப் போடப்பெற்றவன் லெனர்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவன். இன்சுலின் போட்டுக்கொள்ளும் அதே பிராயத்துப் பிள்ளை இன்று கைபேசி ஆட்டத்தில் மூழ்கியிருக்கையில், வியர்வை, கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு ஆகிய சர்க்கரைத் தாழ்வின் லட்சணங்களை ஆட்டத்தின் உற்சாகமென்றே எண்ணி ஏமாந்துவிடக்கூடும். சந்தேகம் எழுந்த கணமே ஆட்டத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, பிள்ளை நினைவோடும் இருந்தால், மூன்று சிறுகரண்டிச் சர்க்கரையை, அதாவது ஏறத்தாழ 15 கிராமை, நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால்மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். திரையில் கண்ணை வைத்தபடி வாயில் போடும் மிக்சரும் பிஸ்கட்டும் இதற்கு நேர்மாறான தொல்லை. ஊசியின் அளவு தட்டிலிட்ட சோற்றுக்குத்தானே கணக்கிடப்பட்டது!

மினுக்கும் ஒளி

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில், போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னியதைக் கண்டு, 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், வலிப்பு முதலிய உபாதைகளோடு மருத்துவமனை சேர்ந்தனர். இதைக் கேட்டு, வலிப்புள்ள எல்லாப் பிள்ளைகளும் திரையைத் துறக்க வேண்டுமென்று அஞ்ச அவசியமில்லை. ஒளியால் தூண்டப்படுபவர் வலிப்புள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே, அவர்கள் யாரென்பதை மூளை மின்பதிவால் வைத்தியர் அறிவார். அவ்வகையினர் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்க்கலாகாது. ஒளி மினுக்கத் தொடங்கினால், ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட வேண்டும். மற்றவர்க்கோ திரையைவிட, அதனால் கெட்ட நித்திரையும் மறந்த மாத்திரையுமே பெரிய சத்துரு.

இரவும் உறக்கமும்

13 முதல் 18 வயதுவரை இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காது, வலிப்பும் எளிதில் தூண்டப்படும். தூக்கத்தைப் போலவே திரை பறித்துக்கொள்வது உடலசைவையும்தான். தறியின் பஞ்சுத் தூசுக்கு அஞ்சி வீட்டிலேயே அடைபட்டிருக்கும் ஆஸ்துமாப் பிள்ளைக்கும் அசைவு விலக்கன்று. நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது ஊனமுற்ற சிறாருக்கும் சேர்த்தே. இருதய நோயாளிக்கு மட்டும் அதன் அளவை வைத்தியர்தான் நிர்ணயிக்க வேண்டும்.

இரவில் கைபேசியைக் கூடத்தில் வைத்துவிடுதல் நல்ல வழக்கமே. ஆனால் தோலில் ஒட்டிய கருவி சர்க்கரை அளவை அனுப்பிக்கொண்டிருக்கும் கைபேசியை அவ்வாறு அப்புறப்படுத்தலாகாது; ஆட்டங்களையும் அரட்டையையும் முடக்கி, அபாயமணியை மட்டும் விட்டுவைத்து, பிள்ளைக்கு அருகே படுக்கும் தாயோ தந்தையோ தம் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.