‘ஐ’ உருபும் மூளைக் காயமும்

பக்கவாதத்தாலோ தலையில் பட்ட அடியாலோ மூளையின் இடப்பக்கம் சேதமடைந்த பலருக்கு, நாவும் உதடும் இயங்கினாலும் வேண்டிய சொல் வாய்க்கு வராமல் போவதுண்டு. காது நன்றாகக் கேட்டும் கேட்டதன் பொருள் பிடிபடாமல் போவதும் உண்டு. மருத்துவர்கள் அஃபேசியா என வழங்கும் இந்த மொழியிழப்பு, அறிவு மங்கிவிட்டதன் அடையாளம் அன்று. ‘டான்’ என்ற ஓரசையையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, 1861இல் இடது முன்மடலின் சேதத்தை அதற்குக் காரணமாகக் காட்டினார். பேச்சு தடையின்றி ஓடியும் பொருள் கூடிவராத வேறொரு வகையை 1874இல் கார்ல் வெர்னிக்கே விளக்கினார்.

எவ்வகை இழப்பு, எவ்வளவு இழப்பு என்று அறிய, இயல்பான பேச்சு, கேட்டுப் புரிதல், திரும்பச் சொல்லல், பெயரிடல் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். பெயர்பெற்ற சோதனைகள் பல ஆங்கிலத்துக்கென உருவானவை என்பதால், அவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் அளவுகோலே பிழைபட்டுவிடும். ‘இஃப்’, ‘அண்ட்’, ‘பட்’ என்னும் சிறு சொற்களை அடுக்கிய தொடரைத் திரும்பச் சொல்லச் செய்வது அங்கே ஒரு வழக்கம். தமிழிலோ முதலிரண்டின் வேலையை ‘வந்தால்’ என்பதன் ‘ஆல்’ விகுதியும் ‘அவனும் அவளும்’ என்பதன் ‘உம்’மும் செய்கின்றன, அவை தனிச்சொற்களே அல்ல. யார் யாரை என்ன செய்தார் என்பது நோயாளிக்கு விளங்குகிறதா என அறிய ஆங்கிலச் சோதனைகள் செயப்பாட்டு வினையை நாடும். தமிழ்ப் பேச்சில் அது அரிது.

தமிழில் அதற்கு நேரான சோதனை வேற்றுமை உருபில் இருக்கிறது. நோயாளியின் முன் இரண்டு படங்களை வைத்து, ‘பூனையை நாய் துரத்துகிறது’ என்று சொல்லி உரிய படத்தைத் தொடச் சொல்லலாம். ‘பூனை நாயைத் துரத்துகிறது’ என்பதிலும் அதே சொற்கள், அதே வரிசை. ‘ஐ’ உருபு இடம்மாறியதுதான் முழு வேறுபாடு. முதலில் வந்த பெயரையே எழுவாயாகக் கொள்ளும் நோயாளி இரண்டு தொடர்களுக்கும் பூனை துரத்தும் படத்தையே தொடுவார்.

அந்த ‘ஐ’யும் பேச்சில் ‘பூனைய’ என்று தேய்ந்தே ஒலிக்கிறது. ஆகவே எழுத்துத் தமிழில் மட்டும் கேட்டால், பள்ளிக்குச் செல்லாத முதியவரின் கல்விக் குறை மூளைச் சேதமாகக் கணக்காகிவிடக்கூடும். இதுவே மிகப் பெரிய ஆபத்து. பெயரிடலிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: நாற்காலியின் படத்தைப் பார்த்துச் சென்னைவாசி ‘சேர்’ என்பதும் யாழ்ப்பாணத்தவர் ‘கதிரை’ என்பதும் சரியான விடைகளே.

இருமொழியாளருக்கு ஒரு மொழியை மட்டும் சோதிப்பது போதாது, ஏனெனில் இரண்டும் ஒரே அளவில் சிதைவதோ மீள்வதோ உறுதியில்லை. மொழிபெயர்ப்பாக இல்லாமல், அந்தந்த மொழியின் இயல்புக்கு ஈடாக அமைந்த சோதனைகளே வேண்டும் என்று கனடாவின் மொழியியலாளர் மிஷேல் பாராதி வகுத்த நெறி இதனால்தான் முக்கியமானது.

நோயாளி காயத்துக்குமுன் வீட்டில் எந்த வழக்கில் பேசினார், எவ்வளவு படித்தார், எந்த மொழியில் கணக்குப் போட்டார் என்பன வீட்டாருக்கே தெரியும். முதல் சந்திப்பிலேயே அவற்றைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம், அவர் கேட்கும்வரை காத்திராமல், எழுதிக் கொடுங்கள்.