கேளாதவர் வீட்டைத் தேடிச் செல்லட்டும் ஜகாத்



பெருமானார் (ஸல்) அவர்கள் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அருமைத் தோழர் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை எமன் நாட்டிற்கு அனுப்பி வைத்தார்கள். அந்நாட்டு மக்களுக்கு முதலில் எதை எடுத்துரைப்பது, அடுத்து எதை எடுத்துரைப்பது என்று வரிசைப்படுத்திச் சொல்லியே வழியனுப்பினார்கள். கலிமாவும் தொழுகையும் முதலில் இடம் பெற்றன. அவற்றை அடுத்து ஜகாத்தைக் குறிப்பிட்டு, அம்மக்களிலுள்ள செல்வர்களிடமிருந்து பெறப்பட்டு அம்மக்களிலுள்ள ஏழைகளிடமே திருப்பித் தரப்படுவது அது என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் நபிமொழித் தொகுப்புகளிலும் இச்செய்தி இடம் பெற்றுள்ளது.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, "திருப்பித் தருதல்" என்னும் கருத்து. நம் பணத்திலிருந்து இரக்கப்பட்டு எடுத்துக் கொடுப்பதாக நாம் நினைக்கிறோம். மார்க்கமோ, ஏழைக்கு உரியதை அவனிடம் ஒப்படைப்பதாகக் கருதுகிறது. இரண்டாவது, "அம்மக்களின் ஏழைகள்" என்னும் வரையறை. எங்கே செல்வம் திரண்டதோ, அங்கே வறுமை நீங்க வேண்டும். இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்தி நம் தெருவை ஒருமுறை நோக்குவோமாக.

யார் அந்த ஏழை?

ரமலான் பிறந்துவிட்டால் நம் வீட்டு வாசல்களில் நீண்ட வரிசை நிற்கிறது. சில்லறையை மாற்றி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்புகிறோம். கேட்டு வந்தவரை விரட்டக் கூடாது என்பது திருமறையின் கட்டளை. ஆகவே அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அந்த வரிசையில் வந்து நிற்காத ஒருவர் நம் அடுத்த வீட்டிலேயே இருக்கக்கூடும்.

திருமறையின் பகரா அத்தியாயத்து 273-ஆம் வசனம் அவரைப் பற்றியே பேசுகிறது. அவர் யாரிடமும் வற்புறுத்திக் கேட்பதில்லை. அவருடைய தன்மானத்தைக் கண்டு, விவரமறியாதவர்கள் அவரைச் செல்வர் என்றே எண்ணிவிடுகிறார்கள். அவரது அடையாளத்தைக் கொண்டு மட்டுமே அவரை அறிய முடியும். ஒரு கவளம் இரு கவளத்துக்காக வீடு வீடாகச் சுற்றி வருபவனை விடவும், போதிய பொருளின்றி, பிறர் கவனத்திற்கும் வராமல், வாய் திறந்து கேட்கவும் செய்யாமல் இருப்பவனே உண்மையான மிஸ்கீன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தெளிவுபடுத்தியுள்ளார்கள்.

அந்த அடையாளம் எது? அதை அண்டை வீட்டாரே அறிவார்கள். வாப்பா வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய நாளில் கட்டிய மாடிவீடு அது. இன்று அவர் வேலையிழந்து திரும்பி வந்து வீட்டோடு இருக்கிறார். சுவரில் வெள்ளையடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுப் பெண்மணியின் காதில் கிடந்த தங்கம் மறைந்து கவரிங் வந்துவிட்டது. மளிகைக் கடையில் பாக்கி ஏறுகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மூத்த பையன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் நிற்கிறான். மாடிவீட்டைப் பார்ப்பவர்கள், "அவர்களுக்கென்ன குறை!" என்று சொல்லிக் கடந்து போகிறார்கள்.

இன்னொரு வீட்டில் குடும்பத் தலைவர் மவுத்தாகிவிட்டார். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மூத்தா போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு பெருமானார் பணித்தார்கள். அந்த நன்னெறி நம்மிடையே இன்றும் மாறாமல் இருக்கிறது. முதல் சில நாட்கள் அவ்வீட்டிற்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்து விடுகிறது. ஆனால் அப்பெண்மணியின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும் ஆயிற்றே! இரண்டாம் மாதத்தில் வாடகைக்கு யார் வருகிறார்? மூன்றாம் மாதத்தில் பிள்ளையின் மருந்துச் சீட்டை யார் வாங்கிப் பார்க்கிறார்?

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பொது முடக்கம் வந்தபோது இவ்வுண்மை பலருக்கும் புலப்பட்டது. அன்றாடக் கூலிக்குத் தைப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், கடைச் சிப்பந்தி ஆகியோர் சில வாரங்களில் கையேந்தும் நிலைக்கு வந்தார்கள். கையேந்தத் தெரியாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இருவகைக் கடன்

கதவைச் சாத்திக்கொண்டவர் உதவி கேட்பதில்லை; கடன் கேட்கிறார். அங்கேதான் பேராபத்து தொடங்குகிறது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டியில் இருபதாயிரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் இரண்டாயிரம் வட்டி. பத்து மாதத்தில் இருபதாயிரத்தைக் கட்டி முடித்திருப்பார். முதல் அப்படியே நிற்கும். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அவசரத்துக்குப் பணம் தேவைப்படுபவர் சட்டப் புத்தகத்தையா தேடுவார்? பணம் தருபவரைத்தான் தேடுவார். வட்டி ஹராம் என்று மிம்பரில் நின்று நாம் உரைக்கிறோம். அந்த ஹராமின் பக்கம் நம் சகோதரரைத் தள்ளியது எதுவென்று ஆராய்ந்தோமா?

ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று தவ்பா அத்தியாயத்து 60-ஆம் வசனம் வரையறுக்கிறது. அவர்களில் கடன்பட்டோர் தனி வகையினராகவே எண்ணப்பட்டுள்ளனர். சொந்த வீடு இருப்பவர் கடன்பட்டோரில் சேர்வாரா என்னும் ஐயம் முற்காலத்திலேயே எழுந்தது. ஹிஜ்ரி 99 முதல் 101 வரை (கி.பி. 717 - 720) ஆட்சி செய்த கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், கடன்பட்டோரின் கடனை அடைக்குமாறு ஆணையிட்டார்கள். வீடும் பணியாளும் குதிரையும் தட்டுமுட்டுச் சாமான்களும் உடையவர்கள் இருக்கிறார்களே என்று அதிகாரிகள் எழுதிக் கேட்டார்கள். ஒரு மனிதன் குடியிருக்க வீடும் வாழ்வதற்கு வேண்டிய பொருள்களும் அவசியமே. அவன் கடன்பட்டவனாயின் அவனுக்காகக் கொடுத்துவிடுங்கள் என்னும் கருத்தில் கலீபா மறுமொழி விடுத்தார்கள். இமாம் அபூஉபைத் (ரஹ்) அவர்களின் "கிதாபுல் அம்வால்" என்னும் நூலில் இது பதிவாகியுள்ளது. மாடிவீட்டைக் கண்டு கடந்து போகிறவர்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

இங்கே ஒரு சட்டத் தெளிவும் தேவை. உங்களிடம் கடன் வாங்கியவரே கஷ்டத்தில் இருந்தால் அவருக்குத் தவணை கொடுங்கள். தள்ளுபடி செய்துவிடுவது அதனினும் மேலானது என்று திருமறை போதிக்கிறது. ஆயினும் அவ்வாறு தள்ளுபடி செய்த தொகையை ஜகாத் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்பதே பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு. ஜகாத்தை அவர் கையில் முழு உரிமையுடன் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் அவராக விரும்பி உங்கள் கடனைத் தீர்த்தால் அதற்குத் தடையில்லை. "திருப்பித் தர வேண்டும்" என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது.

எவ்வளவு கொடுப்பது?

நிஸாப் அளவை அடைந்த பொருளுக்கு ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத். பத்து லட்ச ரூபாய்க்கு இருபத்தையாயிரம். இத்தொகையை ஐம்பது ஐம்பது ரூபாயாகப் பிரித்தால் ஐந்நூறு பேருக்குக் கொடுக்கலாம். ஐந்நூறு பேரில் ஒருவரது வறுமையாவது அன்று மாலை வரை நீங்கியிருக்குமா? அதே தொகையில் ஒரு பெண்மணிக்குத் தையல் இயந்திரமும் துணியும் வாங்கிக் கொடுக்கலாம். மேற்சொன்ன வட்டிக் கடனின் முதலை ஒரே நாளில் அடைத்து ஒரு குடும்பத்தின் கழுத்துக் கயிற்றை அறுக்கலாம். நான்கு சகோதரர்கள் கூடினால் ஒரு லட்சம். அதைக் கொண்டு ஒரு சிறு கடையே வைத்துக் கொடுத்துவிடலாம்.

ஹிஜ்ரி 676-இல் மறைந்த பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது "மஜ்மூஉ" என்னும் நூலில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். தொழில் தெரிந்தவனுக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவு கொடுக்க வேண்டும். வணிகனுக்கு அவன் வணிகத்தின் முதலீட்டுக்குப் போதுமான அளவு கொடுக்க வேண்டும். காய்கறி விற்பவனுக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் போதும். நவமணி வணிகனுக்குப் பத்தாயிரம் திர்ஹம் வரை தேவைப்படலாம் என்று உதாரணமும் அங்கே காணப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் நோக்கு இதுதான்: வாங்கியவர் மீண்டும் வாங்க வராதிருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒருவருக்கே நிஸாப் அளவு கொடுப்பது மக்ரூஹ் எனினும், கடன்பட்டவருக்கும் பெரிய குடும்பத்தைத் தாங்குபவருக்கும் அவ்விலக்கு பொருந்துவதில்லை. நம் இரு மத்ஹபினருக்கும் இதில் வழி திறந்தே இருக்கிறது.

உறவும் ஊரும்

கொடுப்பதைச் சொந்தத்திலிருந்து தொடங்குங்கள். பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், மனைவி ஆகியோரைப் பராமரிப்பது நம் கடமையாதலால் அவர்களுக்கு ஜகாத் இல்லை. உடன்பிறந்தார், மாமா, சாச்சா, மாமி, பெரியம்மா பிள்ளைகள் ஆகியோர் வறியவர்களாயின் தாராளமாகக் கொடுக்கலாம். ஏழைக்குக் கொடுப்பது தர்மம் மட்டுமே. உறவினருக்குக் கொடுப்பது தர்மமும் உறவைப் பேணலுமாகும் என்று பெருமானார் நவின்றுள்ளார்கள்.

அடுத்து ஊர். ஊரில் தகுதியுடையோர் இருக்க, ஜகாத்தை வேற்றூருக்குக் கொண்டு செல்வதை ஷாஃபிஈ மத்ஹபு தடுக்கிறது. உறவினருக்கோ, மிகுந்த தேவையுடையோருக்கோ அனுப்புவதாயின் அன்றி ஹனஃபி மத்ஹபும் அதை விரும்புவதில்லை. முன்னர்க் குறிப்பிட்ட முஆத் (ரலி) அவர்களே பிற்காலத்தில் எமனில் திரட்டிய ஜகாத்தின் ஒரு பகுதியை மதீனாவுக்கு அனுப்பினார்கள். கலீபா உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்கத் தயங்கி, அங்குள்ளோரிடம் வாங்கி அங்குள்ளோருக்கே கொடுக்கத்தானே உம்மை அனுப்பினேன் என்று கேட்டார்கள். இங்கே வாங்குவார் எவரும் இல்லாத நிலையில்தான் அனுப்பினேன் என்று முஆத் அவர்கள் பதில் உரைத்தார்கள். ஊரில் வாங்குவார் இல்லையென்று சொல்லும் நிலை வந்த பிறகே அப்பணம் எல்லை தாண்டியது! நம் ஊரில் அந்நிலை வந்துவிட்டதா?

ஊரார்க்கே இப்பொறுப்பு இருப்பதற்குக் காரணமும் உண்டு. உண்மையான தேவையை அறிந்தவர்கள் அவர்களே. வறுமைக்கு ஆளானவர் யாசிக்க வேண்டுமாயின் அவர் சமூகத்தைச் சேர்ந்த அறிவுடைய மூவர் அவர் நிலைக்குச் சான்று கூற வேண்டும் என்று கபீஸா (ரலி) அவர்களிடம் பெருமானார் கூறியதை முஸ்லிம் நூல் எடுத்துரைக்கிறது. இந்த மூவர் நம் மஹல்லாவில் இருக்கிறார்களா? பைத்துல்மால் அமைந்துள்ள ஊர்களில் அதன் பொறுப்பாளர்கள் இப்பணியைச் செய்யலாம். அமையாத ஊர்களில் இமாமும், ஒரு பெரியவரும், வீடுகளுக்குள் சென்று பேசக்கூடிய ஓர் ஆலிமாவோ மூத்த பெண்மணியோ போதும். அவர்கள் அறிந்தவை அவர்களோடு நிற்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் பெயர் ஏறலாகாது.

காயப்படுத்தாத கை

கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும் மனத்தைப் புண்படுத்துவதும் தர்மத்தையே பாழாக்கிவிடும் என்று திருமறை எச்சரிக்கிறது. உதவி பெறுபவரை மேடையேற்றி, நிழற்படம் எடுத்து, அதைக் கைப்பேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பும் வழக்கம் இன்று பெருகிவிட்டது. கேளாதவர் ஏன் கேட்பதில்லை என்பதற்கு அந்தப் படமே விடை. அதில் தம் பிள்ளையின் முகம் வந்துவிடுமோ என்று அஞ்சியே பலர் பட்டினியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "இது ஜகாத்" என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவரின் நிய்யத்தே போதுமானது. பெருநாள் அன்பளிப்பு என்றோ, பிள்ளையின் படிப்புக்கு என்றோ சொல்லிக் கொடுங்கள்.

இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் புதல்வர் அலீ ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் மதீனாவில் வாழ்ந்தார்கள். அந்நகரத்து ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இரவு தோறும் உணவு வந்துகொண்டிருந்தது; கொண்டு வருபவர் யாரென்று தெரியாது. அவர்கள் மறைந்தபோது அந்த இரவு உணவும் நின்றது. மையித்தைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் மூட்டை சுமந்த தழும்பைக் கண்டார்கள். அப்போதுதான் மதீனாவுக்கு உண்மை விளங்கிற்று.

அடுத்த வீடு எவருடையதாயினும்

ஜகாத் முஸ்லிம்களுக்கு உரியது. ஆனால் ஸதகாவின் வாசல் அனைவருக்கும் திறந்தது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்றே அவர்கள் விசாரித்தார்கள். நம் தெருவில் வாழும் சகோதர சமயத்தவரின் அடுப்பு எரியாதிருந்தால் அதுவும் நம் பொறுப்பே.

சகோதரர்களே! சகோதரிகளே! இவ்வாண்டு உங்கள் ஜகாத்தைக் கணக்கிடும்போது தொகைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். வரிசையில் வந்து நிற்காத குடும்பமாக அது இருக்கட்டும். மளிகைக் கடைக்காரரிடம் பாக்கி யாருக்கு ஏறியிருக்கிறது என்று மெல்ல விசாரியுங்கள். மதரஸா உஸ்தாதிடம் எந்தப் பிள்ளை வரவில்லை என்று கேளுங்கள். இல்லத்தரசிகள் அறிந்ததை ஆண்கள் அறிவதில்லை. உங்கள் மனைவியிடமும் தாயாரிடமும் கேளுங்கள். அந்த வீட்டின் கதவை இஷாவுக்குப் பிறகு தனியாகச் சென்று தட்டுங்கள்.

நம் செல்வத்தில் பிறருக்குள்ள உரிமையை உரிய நேரத்தில், உரியவரிடம், அவர் மானம் குன்றாமல் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.