ஈரம் எங்கே போகுது? சின்னப் பாய்மரப் படகில் குளிரும் டாய்லெட்டும்

வாலாஜாபேட்டைக்காரனுக்குப் படகைப் பத்திப் பேச என்ன தகுதின்னு கேட்கலாம். நியாயம்தான். எங்க பாலாற்றுல தண்ணியை விட மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கேன். ஆனா போன அக்டோபர்ல, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில, என் காலேஜ் ரூம்மேட் வாங்கியிருக்கிற 28 அடி பழைய பாய்மரப் படகுல மூணு ராத்திரி தங்கினேன்.

முதல் ராத்திரியே ஒரு முட்டாள்தனம் பண்ணினோம். குளிர் தாங்கல. கேபினை இறுக்க மூடிட்டு, சமையல் கேஸ் அடுப்பைப் பத்தவெச்சு பக்கத்துல உட்கார்ந்தோம். அரை மணி நேரம் சொர்க்கம். அப்புறம் ரெண்டு பேருக்கும் தலைவலி, ஒரு கிறக்கம். அவன்தான் சட்டுன்னு எழுந்து மேல் கதவைத் திறந்துவிட்டான்.

மூடின இடத்துல நெருப்பு எரிஞ்சா ஆக்சிஜன் குறையும். எரியறது அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா அதைப் பிடிச்சுக்கும். மலை ஊர்களுக்கு டூர் போனவங்க அறைக்குள்ள கரி அடுப்பு வெச்சுத் தூங்கி, காலையில எழுந்திருக்காத செய்தி நாம படிச்சதுதான். படகு அந்த அறையை விடச் சின்னது. அதனால கதவைத் திறந்துவிட்ட அவனுக்கு இன்னிக்கும் கடன்பட்டிருக்கேன்.

காலையில பார்த்தா இன்னொரு விஷயம். சுவரெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம், மெத்தைக்கு அடியிலயும் ஈரம். மழை பெய்யல. அந்தத் தண்ணி அடுப்புல இருந்து வந்தது. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருந்தா கணக்குப் போட்டுப் பாருங்க: 1 கிலோ புரொப்பேன் எரிஞ்சா ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணி ஆவியா வெளியே வரும். நம்ம மூச்சும் வியர்வையும் தனிக்கணக்கு. கடல் தண்ணி தொட்டுக்கிட்டிருக்கிற படகோட உடம்பு ஜில்லுன்னு இருக்கும். அந்த ஆவி அதுல பட்டதும் தண்ணியாயிடும்.

துணி காயாததுக்கு மட்டும் எனக்கு உடனே காரணம் தெரிஞ்சுது. ராணிப்பேட்டை டேனரியில எங்க மாமா வேலை பார்த்தார். மழைக்காலத்துல உப்புப் போட்டு அடுக்கின தோல் கசகசன்னு ஊறிக்கிட்டே இருக்கும்னு சொல்லுவார். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சமையல் உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு. அது 33 சதவீதத்துலயே இழுக்கும். அதனால கடல் தண்ணியில நனைஞ்ச ஜாக்கெட்டை எத்தனை நாள் தொங்கப்போட்டாலும் காயாது. நல்ல தண்ணியில அலசணும். அந்த ஜாக்கெட்டோட படுக்கைக்குள்ள போகவே கூடாது.

சரி, சூடு எப்படி? எரியற காத்தும் நாம மூச்சு விடற காத்தும் கலக்காத ஹீட்டர் வேணும். டீசல் ஹீட்டர்கள் அப்படித்தான்: எரிப்பு தனி அறையில நடக்கும், புகையும் ஆவியும் குழாய் வழியா வெளியே போயிடும், கேபினுக்குள்ள உலர்ந்த சூடு மட்டும் வரும். 2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்துல மணிக்குக் கால் லிட்டர் டீசல் குடிக்கும். ஆனா ஃபேன் ஓட பேட்டரி வேணும். மின்சாரம் வேண்டாம்னா, சொட்டுச் சொட்டா டீசல் இறங்கற புகைபோக்கி அடுப்பு இருக்கு. எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஒரு ஜன்னலும் கொஞ்சம் திறந்திருக்கணும். குளிருக்குப் பயந்து அடைச்சா ஈரமும் உள்ளேயே தங்கும்.

இப்ப டாய்லெட். நம்ம கடற்படையில இருந்த அபிலாஷ் டோமி, 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்துல 'பயானத்'ங்கிற 36 அடி படகுல தனியா உலகத்தைச் சுத்தி ரெண்டாவதா வந்தார். நடுவுல, காத்தை வெச்சே படகைத் திருப்புற கருவி உடைஞ்சப்போ, டாய்லெட் கதவைக் கழட்டி அதைச் சரி பண்ணப் பயன்படுத்தினார். கதவு இல்லாமலும் வாழலாம், தனியா இருந்தா.

வழக்கமான படகு டாய்லெட்ல கைப்பம்பு இருக்கும். கடல் தண்ணியை இழுத்து வெளியே தள்ளும். அதுக்குப் படகோட அடியில ரெண்டு ஓட்டை போடணும். வால்வை மூட மறந்து, குழாய்ல காத்து புகற வளைவும் சரியில்லைன்னா கடல் உள்ளே வரும். 1945 ஏப்ரல்ல, இதே ஸ்காட்லாந்தோட கிழக்குக் கரைக்கு அப்பால, யு-1206ங்கிற ஜெர்மன் நீர்மூழ்கிக்குள்ள டாய்லெட் வழியாத்தான் தண்ணி புகுந்துது. கடைசியில கப்பலையே கைவிட்டாங்க. அது ஆழத்துல ஓடற, அழுத்தம் அதிகமான கருவி. ஆனா ஓட்டை ஓட்டைதான். போதாததுக்கு, சிறுநீரும் கடல் தண்ணியும் சேர்ந்து குழாய்க்குள்ள சுண்ணாம்பு மாதிரிப் படிஞ்சு அடைச்சுக்கும். துறைமுகத்துல அப்படியே திறந்துவிடறதும் அசிங்கம். அதுக்குன்னு ஒரு தொட்டி வெச்சா, 28 அடி படகுல உங்க படுக்கைக்குக் கீழதான் இடம் இருக்கும்.

தூக்கிட்டுப் போய் கொட்டற பெட்டி டாய்லெட் வார இறுதிக்குச் சரி. நீண்ட பயணத்துக்கு நான் ஓட்டுப் போடறது பிரிக்கிற டாய்லெட்டுக்கு. சிறுநீர் முன்னாடி ஒரு கேனுக்குப் போகும், மலம் பின்னாடி தென்னை நார்த்தூள்ல விழும். நாத்தம் பெரும்பாலும் இது ரெண்டும் கலக்கறதாலதான் வருது. திருச்சி மாவட்டம் முசிறியில இதே தத்துவத்துல பொதுக் கழிப்பறை கட்டி, பயன்படுத்தறவங்களுக்கே காசு கொடுத்தாங்க. பிரிச்சு எடுத்த சிறுநீர் வயலுக்கு உரம். படகுல ஓட்டை வேண்டாம், பம்பு வேண்டாம். ஒரே தொல்லை, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். ரெண்டு பேர் இருந்தா கேனை தினமும் தூக்கணும். யார் முறைன்னு முதல் நாளே பேசி வெச்சுக்கோங்க.

ரூம்மேட் ஒருவழியா சம்மதிச்சுட்டான். பழைய பம்பைக் கழட்டி, ரெண்டு ஓட்டையையும் நிரந்தரமா அடைக்கப்போறான். அடுத்த தடவை வரும்போது ஊர்ல இருந்து நார்த்தூள் கட்டி கொண்டு வாடான்னான். அஞ்சு கிலோ கட்டியை விமானத்துல எப்படி எடுத்துட்டுப் போறதுன்னு இப்ப பார்த்துக்கிட்டிருக்கேன்.